நார்வேயில் ஒரே ஒரு குன்றில் ஏறத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதில் ஏறலாம்?

அக்ஸ்லாவில் ஏறுங்கள். மேற்குக் கரையில் ஓலெசுன் ஊரை ஒட்டி நிற்கிற குன்று. உயரம் 200 மீட்டர்கூட வராது. பெர்கன் நகரத்தின் ஃப்ளோயன் குன்று இதைவிடப் பெரிது, மேலே போக ரயிலும் உண்டு. ஆனாலும் நான் அக்ஸ்லாவைத்தான் சொல்வேன். அழிந்து எழுந்த ஒரு ஊரை முழுதாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் வந்ததும் மேலே ஓடாதீர்கள். முதலில் ஊருக்குள் நடங்கள். 1904 ஜனவரி 23 அதிகாலையில் பிடித்த தீ, புயல்காற்றோடு சேர்ந்து சுமார் 850 வீடுகளைச் சாம்பலாக்கியது. பெரும்பாலும் மரவீடுகள். நடுக்கும் குளிரில் ஏறக்குறைய 10,000 பேர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் இறந்தவர் ஒரே ஒருவர்! கோடைதோறும் இந்தக் கரைப்பக்கம் வந்துபோன ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கப்பல் கப்பலாக உதவி அனுப்பினார். 1907 வாக்கில் ஊரின் நடுப்பகுதி கல்லும் செங்கல்லுமாக மீண்டும் எழுந்துவிட்டது, அன்றைக்குப் புதுசாக இருந்த யூகென்ட்ஸ்டீல் பாணியில், அதாவது கொடியும் பூவுமாக வளைந்தோடும் அலங்காரம் கொண்ட ‘ஆர்ட் நூவோ’ கட்டடக் கலையில். அண்ணாந்து பார்த்தபடியே நடங்கள்: வாசலுக்கு மேல் செதுக்கிய இலைக்கொடி, சுவரில் ஒரு முகம், தெருமுனையில் கூம்புக் கோபுரம். பழைய மருந்துக்கடை ஒன்று இப்போது இந்தப் பாணிக்கான அருங்காட்சியகம். அந்தக் காலத்து மரவேலை உள்ளே அப்படியே இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நகரப் பூங்கா. வைக்கிங் தலைவன் ரோல்லோவின் சிலை அங்கே நிற்கிறது, பிரான்சின் ரூவான் நகரம் கொடுத்தது. அங்கிருந்துதான் 418 படிகள் தொடங்குகின்றன. மூச்சு வாங்கும், ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் நிற்க இடம் உண்டு. முழங்கால் வலி இருந்தால் காரிலேயே உச்சி உணவகம் வரை போய்விடலாம்.

மேலே நின்றால் கீழே நடந்த தெருக்களை நீங்களே அடையாளம் சொல்வீர்கள். இருபுறமும் கடல், நடுவே ஒல்லியான நிலம், அதையும் இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் ப்ரூசுன்டெ நீர்வழி. அதன் ஓரத்தில் தண்ணீரிலேயே சுவர் இறங்கிய மீன் கிடங்குகள். மேற்கே யிஸ்கே, கூதோய் தீவுகள். மறுபக்கம் சுன்மோரே மலைகள், கோடையிலும் பனி ஒட்டியபடி.

பலர் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பின்பக்கக் காட்டுப்பாதையிலும் கொஞ்சம் நடங்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் பதுங்குகுழிகள் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளென்றால் பகலில் படிகளில் நெரிசல்தான். ஜூன் மாதத்தில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகவே ஏறலாம்.