கட்டுக்குள் கால் சூம்புவது ஏன்? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

மேலூர்: அண்ணே, மாவுக்கட்டு பிரித்ததும் தொடை பாதியாகத் தெரிகிறது. என் தம்பிக்கும் கால் முறிந்தது, இவ்வளவு சூம்பவில்லை. ஜீன் காரணமா?

கொஞ்சம் இருக்கலாம். ஆனால் உங்கள் காலைச் சூம்ப வைத்த ஜீன்கள் தம்பியிடமும் இருக்கின்றன. தசையில் புரதம் கட்டுவதும் கழிவதும் எந்நேரமும் நடக்கும். கால் சுமை தாங்காமல் கிடந்தால் கட்டுகிற வேலை மந்தமாகும். மனிதர்களிடம் இதுதான் பெரிய பங்கு. கூடவே ஃபாக்ஸோ என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற ஜீன்களை முடுக்கிவிடும். இவை தரும் நொதிகள், எந்தப் புரதத்தை உடைக்கலாம் என்று அடையாளம் வைக்கும். 2001இல் இந்த ஜீன்களைக் கண்டுபிடித்தவர்கள், இரண்டில் ஏதாவது ஒன்றை நீக்கிய எலிகளில் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார்கள். தசை அவ்வளவு கரையவில்லை. தம்பிக்கு எந்த எலும்பு, எத்தனை வாரம் கட்டு, இடையில் கால் ஊன்றினாரா? ஜீனைக் குறை சொல்லுமுன் அதைக் கேளுங்கள்.

ஒன்று முக்கியம்: கெண்டைச்சதை வீங்கி, சூடாக வலித்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உசிலம்பட்டி: புரோட்டீன் பவுடர் குடித்தால் சரியாகுமா?

பயிற்சி இல்லாமல் பவுடர் மட்டும் போதாது. முட்டை, பயறு, மீன் சாப்பிடுங்கள்.

திருமங்கலம்: அடியே படவில்லை, ஒரு கால் மட்டும் சூம்புகிறது.

இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அலங்காநல்லூர்: வெளிநாட்டில் ஒரு ஜீன் கெட்டுப்போய் சதை பெருத்த மாடு இருக்கிறதாமே? நம் புலிக்குளம் காளைக்கும் அதுதானே?

பாலமேடு: என்ன அண்ணே இது! பருத்திக்கொட்டையும் நீச்சலும் கொடுத்து வளர்த்தவனைக் கேளுங்கள்.

இருவரும் சற்றுப் பொறுங்கள். அலங்காநல்லூர்க்காரர் சொல்வது பெல்ஜியன் புளூ மாடு. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாடின் ஜீன் அதில் பழுது, 1997இல் தெரியவந்தது. கன்று பெருத்துவிடுவதால் பெரும்பாலும் அறுவை செய்துதான் எடுக்கிறார்கள். புலிக்குளம் பசு தொழுவிலோ மேய்ச்சலிலோ தானாக ஈனுகிறது, அதனால் இதற்கும் அதே பழுது என்று சொல்ல முடியாது. திமிலைப் பார்த்தும் அப்படி நினைக்காதீர்கள். திமில் நாட்டுமாட்டு இனம் எல்லாவற்றுக்கும் உண்டு, அது தோள்பட்டைத் தசை. பாலமேட்டுக்காரரே, முழுக்கப் பயிற்சிதான் என்பதும் சரியில்லை. அதே தீவனம் கொடுத்தாலும் எல்லாக் கன்றும் ஒரே மாதிரி வருவதில்லை, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் எந்த வம்சத்துக் காளையும் மாதக்கணக்கில் கட்டுத்தறியிலேயே நின்றால் சதை இறங்கும்.

வாடிப்பட்டி: கட்டு பிரித்தேன், கால் சூம்பிவிட்டது, ஜீனா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சோழவந்தான்: ஆன்லைனில் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

காசு தண்டம். ஏசிடிஎன்3 என்று ஒரு தசை ஜீனைக் காட்டுவார்கள். ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேச அது உதவும். உங்கள் கால் எவ்வளவு சூம்பும் என்று சொல்லாது.

மதுரை: அப்பத்தா இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில். இப்போதே என்ன செய்யலாம்?

வயதானவர்களுக்குத் தசை சீக்கிரம் போகும், திரும்புவது மெதுவாகும். அதனால் காத்திருக்க வேண்டாம். டாக்டர் சம்மதித்ததும் முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடையை இறுக்கிவிடச் சொல்லுங்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும், அப்புறம் பிடித்து உட்கார வையுங்கள். கெண்டைச்சதையை நீவிவிடும் பாசம் மட்டும் வேண்டாம்.