வாசகர் கேள்வி பதில்: வயலுக்கு வந்த நகரத்துப் பெண்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இளம்பெண்கள் வயலில் உழைத்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்தில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் என்றைக்குமே பெண்களின் வேலைதானே? இதில் என்ன புதுமை?
– வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பதில்: நியாயமான கேள்வி. வயலை அறியாத பெண்கள் வயலுக்கு வந்ததுதான் அங்கே புதுமை. போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் பாதிக்கும் மேற்பட்டதைக் கப்பலில் வரவழைத்தே உண்டு வந்தது. போர் மூண்டால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத் தாக்கும், பண்ணையாட்களும் படைக்குப் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்து, முதல் உலகப் போரில் தோன்றிக் கலைந்திருந்த, பண்ணை வேலைக்கான ‘பெண்கள் நிலப்படை’ 1939 ஜூனில் டென்மன் சீமாட்டியின் தலைமையில் மீண்டும் திரட்டப்பட்டது. கடைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த பெண்கள் பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள், எலி பிடித்தார்கள். 1943இல் அவர்கள் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

கூலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; என் மனத்தை உறுத்துவது அதுதான். தொடக்கத்தில் அவர்களுக்கு வாரம் 28 ஷில்லிங். அதில் பாதி தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். ஆண்களுக்கோ 38 ஷில்லிங். போர் முடியும் தறுவாயில், படைகளில் இருந்தவர்களுக்குத் தரவிருந்த பணிக்கொடை இவர்களுக்குக் கிடையாது என்று அரசு சொன்னபோது, டென்மன் சீமாட்டி 1945இல் பதவியையே துறந்தார். 1950இல் படை கலைக்கப்பட்டது. அரசின் கௌரவ வில்லை (பேட்ஜ்) அவர்களுக்கு 2008இல்தான் கிடைத்தது. அதற்குள் பலர் மறைந்துவிட்டார்கள்.

அதே போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோக, திருவிதாங்கூரும், உங்கள் சித்தூர் வட்டம் அன்று சேர்ந்திருந்த கொச்சி சமஸ்தானமும் கடும் பஞ்சத்தைக் கண்டன. மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் சோறானது. அந்த ஆண்டுகளில் உங்கள் வயல்களில் சேற்றில் நின்று நட்ட பெண்களும் போர்க்காலத்தில் ஊருக்குச் சோறு போட்டவர்களே. அவர்களை எந்தப் படையிலும் சேர்த்து எண்ணவில்லை என்பதுதான் வேறுபாடு. அக்காலத்தில் நடவுக்குப் போன மூதாட்டி எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால், கூலியை நெல்லாகப் பெற்றாரா பணமாகப் பெற்றாரா, எவ்வளவு பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள். இதே பகுதியில் வெளியிடுகிறோம்.