நரம்பில் ஓடுவதும் வயரில் ஓடுகிற கரண்ட்தானா?

இல்லை. திருகோணமலையில் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், வருசா வருசம் யாராவது இதைக் கேட்பார்கள், பாடப்புத்தகப் படமும் வயர் மாதிரியே இருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வயரில் இலத்திரன்கள் நெடுக நகரும். நரம்புக் கலத்தில் முக்கியமான நகர்வு குறுக்கே, கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வைக் கடந்து, அதுவும் அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள். வெளியே சோடியம் கூட, உள்ளே பொற்றாசியம் கூட. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிற பம்பி ஒன்று ஓயாமல் இந்த வித்தியாசத்தைக் காக்கிறது, உள்ளே சேர்ந்த பொற்றாசியம் மெல்லக் கசிந்து வெளியேறுவதால் உள்பக்கம் சுமார் 70 மில்லிவோல்ற் மறையாக (நெகற்றிவ்) நிற்கிறது. தூண்டல் ஒன்று அதை 55 அளவுக்கு இறக்கிவிட்டால் போதும், சோடியக் கால்வாய்கள் (மென்சவ்வில் சோடியம் நுழைகிற வாசல்கள்) படபடவென்று திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அந்த இடத்தில் உள்பக்கம் நேர் (பொசிற்றிவ்) ஆகிவிடும். சோடியக் கால்வாய் மூட, பொற்றாசியம் வெளியேறி நிலைமையைப் பழையபடி ஆக்கும். எல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெக்கனில்.

அதற்குள் பக்கத்து இடமும் தூண்டப்பட்டிருக்கும். சீனவெடிக் கட்டில் ஒன்று வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிற மாதிரி, அதனால்தான் கால்விரலில் கிளம்பிய சைகை முள்ளந்தண்டுக்கு வரும்போதும் பலம் குறைவதில்லை. மயலின் என்ற கொழுப்பு உறை உள்ள நரம்பில் இது இடைவெளிக்கு இடைவெளி தாவும், செக்கனுக்கு 120 மீற்றர் வரை. உறையில்லாத மெல்லிய வலி நரம்பில் 1 மீற்றர்தான். கல்லில் விரல் இடித்ததும் முதலில் அடி தெரிந்து, அப்புறம் எரிவு வருவதற்குக் காரணம் இதுதான். அடுத்த கலத்துக்குத் தாண்டும்போது பெரும்பாலும் மின்னே கிடையாது, இரசாயனம்தான் போகும்.

இதையெல்லாம் அளந்து காட்டிய பிரித்தானிய விஞ்ஞானிகள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் (1952இல் கட்டுரைகள், 1963இல் நோபல்) பாவித்தது கணவாயின் நரம்பை. நம்மூர்க் கணவாய் இல்லை, அத்திலாந்திக் பக்கத்து இனம். ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு, உள்ளேயே மின்வாயைச் செருகலாம்.

சோடியக் கால்வாய் எவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டுமானால் பேத்தை மீனைப் பாருங்கள். வலையில் ஏறினால் நம்மாட்கள் தூக்கி வீசுவது சும்மா இல்லை. அதிலுள்ள ரெற்றோடொட்சின் என்ற நஞ்சு போய் அந்தக் கால்வாயின் வாயை அடைத்துவிடும், முதலில் உதடு விறைக்கும், பிறகு தசைகள், கடைசியில் மூச்சு. சமைத்தாலும் அழியாது, மாற்று மருந்தும் கிடையாது. பல் பிடுங்கும்போது போடுகிற விறைப்பூசி அடைப்பதும் இதே கால்வாயைத்தான், ஆனால் அந்த இடத்தில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு.