கணையப் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?

அப்பாவுக்குக் காமாலை, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை, இனி ரத்தப் பரிசோதனை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர்க்காரர். 64 வயதில் திடீரென்று சுகர் வந்தது, உடம்பு இளைத்தது. சுகரால்தான் இளைக்கிறார் என்று விட்டுவிட்டோம். நாலு மாதத்தில் கண் மஞ்சளானது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பெரியம்மா மீனை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். மூன்று வாரம் அதிலேயே போனது. சிறுநீர் பால் ஊற்றாத டீ மாதிரி, மலம் வெளுத்து, ராத்திரியெல்லாம் அரிப்பு. இதெல்லாம் பித்தக்குழாய் அடைபட்டதன் அடையாளம் என்பது பிறகுதான் தெரிந்தது. கணையத்தின் தலைப்பகுதி வழியாகத்தான் அந்தக் குழாய் போகிறது. அங்கே கட்டி வந்தால் குழாய் நசுங்கும். வால்பகுதியில் வந்தால் பெரும்பாலும் காமாலையே வராது. முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் 'குடல் காற்றினால் கணையம் சரியாகத் தெரியவில்லை' என்றுதான் இருந்தது. அதை நாங்கள் 'ஒன்றும் இல்லை' என்று படித்துக்கொண்டோம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது, காற்று குறுக்கே வந்தால் ஒலி அலை தாண்டாது. உங்கள் ரிப்போர்ட்டையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் சிஏ 19-9 என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. 37 வரை நார்மல் என்பார்கள். ஆனால் பித்தக்குழாய் அடைத்தாலே அது ஏறும், கணைய வீக்கத்திலும் ஏறும். சிலருக்குப் பிறவியிலேயே அது சுரக்காது, அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் நார்மல் என்றே வரும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது அதிகம் உதவும்.

கடைசியில் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்துக்கென்றே நரம்பில் மருந்து ஏற்றி, மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சிடி ஸ்கேன்தான் முக்கியம். பக்கத்து ரத்தக்குழாய்களைக் கட்டி பிடித்திருக்கிறதா, ஆபரேஷன் செய்ய முடியுமா என்பதும் அதில்தான் தெரியும். அப்புறம் நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப்பை வாய் வழியாக விட்டு, ஊசியால் சதை எடுத்தார்கள். பயாப்ஸி என்பது இதுதான். எல்லோருக்கும் இது உடனே தேவைப்படாது. நேராக ஆபரேஷன் செய்யக்கூடியது என்றால் சில சமயம் பயாப்ஸி இல்லாமலே செய்வார்கள். கீமோ என்றால் பயாப்ஸி வேண்டும்.

காமாலை இறங்க ஸ்டென்ட், அதாவது அடைபட்ட பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய், வைக்கலாம் என்றால், சிடி ஸ்கேனை அதற்கு முன்பே எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு படம் அவ்வளவு தெளிவாக வராது. எங்களுக்கு முதலில் பார்த்த இடத்தில் ஸ்டென்ட்டை முந்திக்கொண்டு வைத்துவிட்டார்கள். கேட்கவேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.