வழக்குப் போடுவதா, விடுவதா: கவுன்ட்டி அரசு வழக்கறிஞரின் பதில்கள்

(கலிஃபோர்னியா மாநிலத்தின் கவுன்ட்டி ஒன்றில் 14 ஆண்டுகளாக அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், ‘வாசகர் கேள்வி’ பகுதிக்கு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார். பணி விதிகள் காரணமாக அவருடைய பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை.)

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், தொடக்கத்தில் கவுன்ட்டி வழக்கறிஞராக இருந்தார் என்று படித்தேன். கவுன்ட்டி என்பது உள்ளாட்சி அமைப்புத்தானே? கொலை வழக்கைக்கூட உள்ளாட்சியா நடத்தும்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: ஆம், கொலை வழக்கையும் உள்ளாட்சிதான் நடத்துகிறது. பரப்பளவில் கவுன்ட்டியை நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாம், ஆனால் ஆட்சியரைப் போல மேலிடத்திலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர் அங்கே தலைமையில் இருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் கவுன்ட்டியின் வரவுசெலவைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் குழு, சிறைச்சாலையை நடத்தும் ஷெரீஃப், குற்ற வழக்குகளைத் தொடுக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆகிய அனைவரையும் அந்தந்தக் கவுன்ட்டி மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் 58 கவுன்ட்டிகள் இருப்பதால் 58 மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இல்லினாய்ஸில் இதே பதவிக்கு ‘ஸ்டேட்ஸ் அட்டர்னி’ என்றும் வர்ஜீனியாவில் ‘காமன்வெல்த்ஸ் அட்டர்னி’ என்றும் பெயர். தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஒருவரின் கீழ், என்னைப் போன்ற துணை வழக்கறிஞர்கள் ஊழியர்களாகப் பணியாற்றுகிறோம். கமலா ஹாரிஸ் 1990இல் அலமீடா கவுன்ட்டியில் சேர்ந்தது இந்தத் துணை வழக்கறிஞர் பதவியில்தான். பிறகு அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தேர்தலில் வென்று, 2004 முதல் 2011 தொடக்கம் வரை மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தார்.

சம்பளம் கவுன்ட்டியின் பணம் என்றாலும், வழக்கின் தலைப்பில் கவுன்ட்டியின் பெயர் வராது. ‘கலிஃபோர்னியா மாநில மக்கள்’ என்று எழுதி, ‘எதிர்’ என்று போட்டு, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரைப் போடுவோம். நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளும்போதும் ‘மக்களுக்காக’ என்றுதான் சொல்ல வேண்டும். 14 ஆண்டுகளாகச் சொல்லிவந்தும் அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

வாக்களித்த மக்களுக்குப் பதவியைப் பறிக்கும் உரிமையும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022இலும் அலமீடாவில் 2024இலும் பதவியிலிருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர்களை வாக்காளர்கள் வாக்களித்துப் பதவிநீக்கினார்கள். தலைமை மாறினால் கொள்கையும் மாறும். நேற்றுவரை கூடுதல் தண்டனை கேட்கக் கூடாது என்றிருந்த ஒரு வகை வழக்கில் இன்றுமுதல் கேட்டே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை வரலாம். எங்கள் பணியில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

கேள்வி: ‘ஃபெலனி’ என்றால் என்ன? அந்த வழக்குகளைப் பார்ப்பவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பொதுவாக, ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஃபெலனி, அதற்குக் குறைந்தது மிஸ்டிமீனர். கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை போன்றவை முதல் வகையில் அடங்கும். சில குற்றங்கள் இரண்டு பக்கமும் சாயும். ஒருவரைக் கடுமையாகத் தாக்கிய வழக்கைக் காயத்தையும் ஆயுதத்தையும் பழைய தண்டனைகளையும் பார்த்து ஃபெலனியாகவும் தொடுக்கலாம், மிஸ்டிமீனராகவும் தொடுக்கலாம். எது என்று முதலில் முடிவுசெய்யும் இடத்தில் அரசு வழக்கறிஞர் இருக்கிறார்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வது காவல் துறை, அரசு வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் நடத்துகிறார். எங்கள் ஊரில் காவல் துறை கைது செய்து அறிக்கை எழுதித் தரும், ஆனால் வழக்குத் தொடுப்பதா, வேண்டாமா, எந்தப் பிரிவில் தொடுப்பது என்பதை மாவட்ட அரசு வழக்கறிஞரின் அலுவலகமே தீர்மானிக்கிறது. கைதானவர் காவலில் இருந்தால், ஞாயிறும் விடுமுறை நாள்களும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் அவரை நீதிபதிமுன் நிறுத்தியாக வேண்டும். ஆகவே திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் எங்கள் மேசை நிறைந்துவிடும்.

எழுதப்பட்ட அறிக்கையைப் படிப்பதோடு வேலை முடிந்துவிடாது. இப்போது காவலர்கள் சட்டையில் கேமரா அணிகிறார்கள். ஒரு வீட்டுச் சண்டைக்கு நான்கு காவலர்கள் போயிருந்தால் நான்கு ஒளிப்பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். அவற்றை முழுவதும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். அதற்கான காரணத்தைத் திருச்சி வாசகருக்கான பதிலில் சொல்கிறேன். எதிரி குற்றத்தை மறுத்த நாளிலிருந்து 10 நீதிமன்ற நாள்களுக்குள் பூர்வாங்க விசாரணை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வழக்கை மேலே கொண்டுசெல்லப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி அதில் பார்ப்பார். அதையும் தாண்டினால் பொதுமக்கள் 12 பேர் கொண்ட ஜூரியின்முன் விசாரணை நடக்கும், குற்றவாளி என்று தீர்க்க அந்த 12 பேரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். மற்றபடி நாளின் பெரும்பகுதி சாட்சிகளைத் தொலைபேசியில் தேடுவதிலும் வாய்தாக்களுக்கு ஓடுவதிலும் கழிகிறது, அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: அமெரிக்காவில் தண்டனைகளில் பெரும்பாலானவை விசாரணையே இல்லாமல் பேரத்தில் முடிகின்றன என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நீதியை இப்படிப் பேரம் பேசலாமா? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. குறைந்த தண்டனைக்கு ஈடாக எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் இந்தப் பேரம். மாநில நீதிமன்றங்களில் விதிக்கப்படும் தண்டனைகளில் ஏறத்தாழ 94 விழுக்காடு குற்ற ஒப்புதலின் வழியே வருபவை என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. நம் நாட்டிலும் 2006 முதல் குற்ற ஒப்புதல் பேரத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் ஏழாண்டுவரை தண்டனைக்குரிய குற்றங்களுக்கு மட்டுமே உண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குக் கிடையாது. அமெரிக்காவில் கொலை வழக்கிலும் பேரம் நடக்கும்.

நான் இதை முழுமனதோடு ஆதரிக்கவில்லை, முற்றாக எதிர்க்கவும் இல்லை. பத்து வயதுச் சிறுமி சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு ஆளாகாமல் வழக்கு முடிகிறது என்றால், இரண்டு ஆண்டு தண்டனை குறைந்தாலும் பரவாயில்லை என்று அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுண்டு. ஆனால் ஜாமீன் கட்டப் பணமில்லாமல் சிறையில் இருக்கும் ஒருவரிடம், ‘ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் விசாரணைவரை உள்ளேயே இருக்க வேண்டும்’ என்ற நிலை வரும்போது, குற்றமே செய்யாதவரும் தலையாட்டிவிடக்கூடும். அந்த ஆபத்து நாங்கள் முதலில் எழுதும் குற்றச்சாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பிற்பாடு இறங்கிவரலாம் என்ற கணக்கில், நிரூபிக்க முடியாத பெரிய பிரிவுகளையும் சேர்த்து எழுதுகிற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஜூரியின்முன் நிரூபிக்க முடியும் என்று நான் நம்பாத ஒரு பிரிவை அச்சுறுத்தலுக்காகத் தாளில் எழுதக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் அரசு வழக்கறிஞரானாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காவல் துறையில் 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதிரிக்குச் சாதகமான சான்றை அரசு வழக்கறிஞரே எதிர்த் தரப்பிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறதாமே? இது சொந்தக் காலில் கோடரி போடுவது ஆகாதா? (திருச்சி வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்துக்கு உரிய மதிப்போடு சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அப்படிக் கொடுக்கத்தான் வேண்டும். 1963இல் பிரேடி எதிர் மேரிலாந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக் கடமையாக்கியது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த எர்ல் வாரன், 1925 முதல் 1939 வரை அலமீடா கவுன்ட்டியின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்தவர். கைதானவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையைக் காவலர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற 1966ஆம் ஆண்டின் மிராண்டா தீர்ப்பை எழுதியவரும் அவரே. குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பியே பெயர் வாங்கிய ஒருவர் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சான்றை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் வில்லியம்சன் கவுன்ட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். 1986இல் மைக்கேல் மோர்ட்டன் என்பவரின் மனைவி வீட்டிலேயே கொலையுண்டார். அவர்களுடைய மூன்று வயது மகன் தன் பாட்டியிடம், அம்மாவை அடித்தது ஒரு ‘பூதம்’ என்றும் அப்போது அப்பா வீட்டில் இல்லை என்றும் சொன்னான். அந்தப் பாட்டி ஷெரீஃப் அலுவலகத்தின் புலனாய்வாளரிடம் அதைத் தெரிவித்தார், உரையாடல் எழுத்தாகப் பதிவாகிக் கோப்பிலும் சேர்ந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் கைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. 1987இல் மோர்ட்டனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டுக்கு அருகில் கிடைத்த கைக்குட்டையில் டி.என்.ஏ. சோதனை நடந்து, உண்மையான கொலைகாரன் வேறொருவன் என்று தெரிந்து அவர் வெளியே வந்தது 2011இல். அதற்குள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் போய்விட்டன. வழக்கை நடத்திய மாவட்ட அரசு வழக்கறிஞர் இதற்கிடையில் நீதிபதியாகியிருந்தார். 2013இல் அவர் வழக்கறிஞர் உரிமத்தைத் துறந்து 10 நாள் சிறைத்தண்டனையையும் ஏற்க வேண்டியதாயிற்று. அரசுத் தரப்பின் கோப்பை எதிர்த் தரப்புக்குத் திறந்து காட்டச் சொல்லி அதே ஆண்டு டெக்சஸ் இயற்றிய சட்டம் மோர்ட்டன் பெயரால் வழங்குகிறது.

இன்னொரு செய்தியையும் நீங்கள் எண்ணிப் பாருங்கள். அந்தக் கொலையாளி 1988இல் ஆஸ்டினில் இன்னொரு பெண்ணையும் கொன்றதாகப் பின்னர் நிரூபணமாயிற்று. தவறான ஆளைச் சிறையில் அடைத்தால் சரியான ஆள் வெளியே திரிவான் என்பதைக் காவல் துறையில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக் காலில் கோடரி போடுவது என்று நீங்கள் எழுதியது, மறைப்பவருக்குத்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

என் சொந்த அனுபவம் ஒன்று. பெட்ரோல் நிலையக் கொள்ளை வழக்கு, ஒருவன் துப்பாக்கியைக் காட்டி 300 டாலரைப் பறித்துக்கொண்டு போயிருந்தான். காசாளரிடம் ஆறு புகைப்படங்களைக் காட்டியதாகவும் அவர் மூன்றாம் எண்ணை அடையாளம் காட்டியதாகவும் அறிக்கையில் இருந்தது. இரவு சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக் கேமராப் பதிவைப் பார்த்தேன். காசாளரின் விரல் மூன்றாம் படத்துக்கும் ஐந்தாம் படத்துக்கும் இடையே போய்ப் போய் வந்தது. ‘இவனாக இருக்கலாம், அல்லது அவன்’ என்றார். பிறகு சில நொடிகள் மௌனம். ‘சரி, மூன்று’ என்றார். காவலர் பொய் எழுதவில்லை, அந்தத் தயக்கத்தை எழுதவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை அந்தப் பதிவின் நிமிடக் கணக்கைக் குறித்து எதிரியின் வழக்கறிஞருக்கு அனுப்பினேன். வேறு சான்று தேடினோம், கிடைக்கவில்லை. வழக்கைக் கைவிட வேண்டியதாயிற்று. காசாளர் என்னிடம் மிகுந்த கோபத்தோடு பேசினார், அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. எதிரியாக இருந்தவன்தான் கொள்ளையடித்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்வதில்லை. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி, வழக்கு நடத்துவதில் நாங்கள் செய்யும் காரியங்களுக்காக எங்கள்மேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்கக்கூட முடியாது. ஆனால் எங்கள் மாநிலம் 2017 முதல், எதிரிக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசு வழக்கறிஞர் வேண்டுமென்றே மறைத்தால் அதையே மூன்றாண்டுவரை தண்டனைக்குரிய ஃபெலனியாக்கிவிட்டது. அந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

கேள்வி: சென்னையில் பி.எல். படித்து முடித்தவர் அங்கே இந்த வேலையில் சேர முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும், ஆனால் சுற்றுவழி. இந்தியச் சட்டப் பட்டம் பெற்றவர்களில் பலர் அமெரிக்காவில் ஓராண்டு எல்.எல்.எம். படித்து நியூயார்க் அல்லது கலிஃபோர்னியா பார் தேர்வை (வழக்கறிஞர் உரிமத் தேர்வை) எழுதுகிறார்கள். ஆனால் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களில் அமெரிக்காவின் மூன்றாண்டுச் சட்டப் பட்டமான ஜே.டி. படித்தவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும். சில இடங்களில் குடியுரிமையும் கேட்பார்கள், விண்ணப்பிக்கும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்தாலும் முதலில் மிஸ்டிமீனர் வழக்குகளைத்தான் தருவார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களையும் கடையில் திருடியவர்களையும் வைத்து ஜூரியிடம் பேசக் கற்றுக்கொண்ட பிறகே ஃபெலனி கைக்கு வரும்.

தமிழ்நாட்டிலேயே இருக்க விரும்பினால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு இருக்கிறது. அது குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் வாதாடும் பணி. எந்தப் பக்கம் போவதானாலும், விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். சாட்சி சொல்ல வந்தவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அரசு வழக்கறிஞரின் கண் கோப்பில் இருக்கிறதா, சாட்சியின் முகத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.