டேங்கின் அடிப்பக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் 26 வருடப் பழைய ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. நீளம் 7 மீட்டர், உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின். 240 லிட்டர் அலுமினிய டேங்கைத் தளத்துக்கு அடியில் வைத்துச் சுற்றிலும் ஃபோம் ஊற்றியிருக்கிறார்கள். முழுக்க நிரப்பினால் மட்டும் லேசாகப் பெட்ரோல் வாசனை வருகிறது, கால்வாசி தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன், டேங்கின் மேல்தகடு பளிச்சென்று இருக்கிறது. டேங்க் போய்விட்டது, தளத்தை அறுத்து மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஹோஸை மாற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். இப்போது வேறு வேலைக்காக இன்ஜினை இறக்கி வைத்திருக்கிறோம். ஓட்டை இருந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாமா? பிளாஸ்டிக் டேங்க் போடலாமா?

செ.

அன்புள்ள செ.,

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். வாசனை எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி, டேங்க் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதலில் ஒன்று. வாசனையின் இடம் தெரியும்வரை அந்த டேங்கில் பெட்ரோல் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். படகின் அடிக்குழியான பில்ஜில் இறங்கித் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

நிரம்பியிருக்கும்போது மட்டும் வாசனை என்றால் மேல்பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் ஹோஸ், காற்று வெளியேறும் வென்ட் ஹோஸ், அளவு காட்டும் ஃப்ளோட்டின் கேஸ்கெட் ஆகியவற்றில் அப்போதுதான் பெட்ரோல் தொடும். அடியில் ஓட்டை இருந்தால் பாதி டேங்கிலும் வாசனை வரும். ஹோஸைச் சோதிக்க எளிய வழி உண்டு: சுத்தமான துணியால் ஹோஸை நீளவாக்கில் அழுத்தித் துடைத்து, அந்தத் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் வாசனை ஏறியிருந்தால் ரப்பர் வழியாகவே பெட்ரோல் கசிகிறது. வெளியே வெடிப்பே தெரியாத ஹோஸிலும் இது நடக்கும்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். டேங்கைக் காலி செய்து, எல்லா வாய்களையும் அடைத்து, ஒரு வாயில் மட்டும் கைப்பம்பும் அழுத்தம் காட்டும் கேஜும் இணைத்து 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். அதற்கு முன் டேங்கின் தகட்டில் சோதனை அழுத்தம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரெஸர் வேண்டவே வேண்டாம். 3 பி.எஸ்.ஐ. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் 120 × 60 செ.மீ. மேல்தகட்டின் மீது அது ஒன்றரை டன் விசை. கொஞ்சம் கூடினாலும் வெல்டிங் பிளந்துவிடும். 0 முதல் 100 வரை காட்டும் டயர் கேஜில் 3 என்பது முள் அசையும் அளவுகூட இல்லை, 0 முதல் 5 வரையிலான கேஜ் வாங்குங்கள். ஐந்து நிமிடம் இறங்காமல் நின்றால் போதும் என்பது விதி. பழைய டேங்குக்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். நிழலில் செய்யுங்கள்: உள்ளே வெப்பம் 5 டிகிரி குறைந்தால், ஓட்டையே இல்லாமல் கேஜ் 0.3 பி.எஸ்.ஐ. இறங்கும். மேல் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எங்கும் குமிழி வராமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் ஓட்டை ஃபோமுக்குள் இருக்கிறது.

ஆனால் டேங்க் இந்தச் சோதனையில் தேறிவிட்டால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தகட்டில் இன்று ஓட்டை இல்லை என்பதை மட்டுமே சோதனை சொல்லும். 3 மி.மீ. தகட்டைக் குழி அரித்து 0.2 மி.மீ. மிச்சம் வைத்திருந்தாலும் அழுத்தம் நிற்கும்.

மேல்தகடு பளிச்சென்று இருப்பதும் ஆறுதல் இல்லை. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம். அந்தப் படலம் கீறினால் மறுபடி உருவாகக் காற்று வேண்டும். மேல்தகட்டுக்குக் காற்று கிடைக்கிறது. அடியில், ஃபோம் தகட்டைவிட்டு முடியளவு பிரிந்தாலும் உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். காற்று இல்லாத அந்த ஈரத்தில் அலுமினியம் பரவலாகத் தேயாது, ஊசி குத்தியது போலக் குழிகுழியாகத் துளைபடும். ஃபோம் ஊற்றிய டேங்குகள் பொதுவாக 15, 20 வருடத்தில் சந்தேகத்துக்கு உரியவை ஆகின்றன. உங்களுடையது 26.

கண்ணால் பார்க்க முடிகிற டேங்கை அதன் நிலையை வைத்து முடிவு செய்யலாம். பார்க்கவே முடியாத டேங்கை வயதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். மேலும், இந்த வேலையில் பெருஞ்செலவு டேங்க் இல்லை, தளத்தைப் பிரித்து மறுபடி மூடுவதுதான். இன்ஜின் வெளியே இருப்பதால் இடமும் கிடைத்திருக்கிறது. ஆகவே சோதனையில் தேறினாலும் இப்போதே மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. படகைச் சீக்கிரம் விற்கப்போவதாக இருந்தாலும் இதையே சொல்வேன். வாங்குகிறவர் தலையில் இதைக் கட்டக் கூடாது.

டீசல் படகாக இருந்தால் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். டீசல் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது, கசிந்தால் நாற்றமும் அழுக்கும்தான். அங்கே அடியில் தேங்கும் தண்ணீரும் அதில் வளரும் நுண்ணுயிர்களும் இரும்பு டேங்கை உள்ளிருந்து அரிக்கும். தண்ணீரை அவ்வப்போது வடித்தால் ஆயுள் நீளும்.

வெல்டிங் வேண்டாம். ஒரு குழி ஓட்டையாகிவிட்டதென்றால் பக்கத்தில் பத்துக் குழிகள் காத்திருக்கின்றன. அதைவிட முக்கியம், காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். வெளியில் எபாக்சி பசை பூசி ஓட்டையை அடைப்பதும் பெட்ரோல் டேங்குக்கு ஆகாது.

தளத்தை அறுக்கும் முன் பெட்ரோலை முழுதும் எடுத்து, வாய்களை அடைத்து, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டம் கொடுத்து, கேஸ் டிடெக்டர் வைத்துப் பாருங்கள். வாளின் ஆழம் தளத்தின் தடிமனைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டு ஃபோமை நீளமான கைவாளால் அறுக்கலாம். அடிப்பக்கத்துக்கு மெல்லிய ஸ்டீல் கம்பிக்கயிற்றை நுழைத்து இருவர் மாறி மாறி இழுத்தால் ஃபோம் அறுந்துகொடுக்கும். பிறகு குறுக்கே உத்திரம் போட்டு செயின் பிளாக்கால் மெதுவாகத் தூக்குங்கள். ஃபோமை எடுத்துவிடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சில படகுகளில் அது மிதப்புக்கும் அடிப்பகுதியின் உறுதிக்கும் சேர்த்து ஊற்றியது. அப்படியானால் அதற்கு ஈடு செய்யாமல் விடக் கூடாது, படகு கட்டத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிளாஸ்டிக் அரிக்காது, நல்ல தேர்வுதான். ஆனால் பெட்ரோல் பட்டபின் ஏறத்தாழ 2 சதவீதம் வீங்கும். 120 செ.மீ. நீளத்துக்கு இரண்டரை செ.மீ. அந்த இடத்தை விட வேண்டும், ஃபோம் ஊற்றக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. தயார் அளவுகளில்தான் கிடைக்கும், உங்கள் குழிக்குப் பொருந்துவது அரிது. பொருந்தாவிட்டால் 5052 அல்லது 5083 ரக அலுமினியத்தில் செய்யச் சொல்லுங்கள். 120 × 60 × 34 செ.மீ. டேங்குக்குத் தகட்டை 3 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ. ஆக்கினால் கூடும் எடை 14 கிலோதான். அந்த 14 கிலோவைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியே அலுமினியத்துக்கான ப்ரைமரும் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியும் பூசுங்கள்.

புது டேங்கைப் பழையபடி ஃபோமில் புதைத்தால் அதே கதைதான். சுற்றிலும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி, முடிந்தால் இருமடங்கு, தண்ணீர் பில்ஜுக்கு ஓட வழி. டேங்க் உட்காரும் இடங்களில் ஈரம் குடிக்காத பிளாஸ்டிக் பட்டைகளை பாலியூரிதேன் சீலன்ட் வைத்து டேங்கோடே ஒட்டிவிடுங்கள், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் போகக் கூடாது. மரக்கட்டை, கார்பெட் துண்டு எதுவும் வேண்டாம். பித்தளை இணைப்பை அலுமினியத்தில் நேரடியாகத் திருகாதீர்கள், நடுவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இணைப்பு போடுங்கள்.

ஹோஸ் எல்லாமே புதிதாக, படகு எரிபொருள் ஹோஸுக்கான தரக்குறியான ஐ.எஸ்.ஓ. 7840 ஏ1 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். ஃபில்லர் ஹோஸின் இரு முனையிலும் இரண்டிரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். வென்ட் ஹோஸ் உள்விட்டம் 14 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் தொய்யாமல் மேலேறிப் போக வேண்டும். தொய்ந்த இடத்தில் பெட்ரோல் தேங்கினால் நிரப்பும்போது பீறிட்டு வரும். உலோக ஃபில்லர் வாயிலிருந்து டேங்குக்கும் எர்த்துக்கும் ஒயர் இழுங்கள், மின்தடை 100 ஓமுக்குள் இருக்க வேண்டும். அந்த ஒயரை ஹோஸுக்கு அடியில் செருகி கிளாம்ப் போடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் கசியும். ஃப்ளோட் வாங்கும்போது உங்கள் பெட்ரோல் அளவு காட்டும் கேஜின் மின்தடை வரம்பு 240–33 ஓமா, 10–180 ஓமா என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் அளவு தப்பாகக் காட்டும்.

எல்லாம் பூட்டியபின் மொத்த அமைப்பையும் 3 பி.எஸ்.ஐ.யில் மறுபடி சோதியுங்கள். பிறகு 20 லிட்டர் ஊற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அடுத்து பாதி, அடுத்து ஃபில்லர் ஹோஸ் நனையும்வரை முழுசாக. ஒவ்வொரு முறையும் இணைப்புகளைத் துணியால் துடைத்து முகருங்கள். தளத்தை மூடுவது அதன் பிறகுதான். அதையும் ஒட்டி மூடாமல், சீலன்ட் வைத்துத் திருகிக் கழற்றும்படி மூடுங்கள்.