தனி ஜெபத்தில் விடாமல் நிலைத்திருப்பது எப்படி?

"நாலு நாள் ஒழுங்காக ஜெபிக்கிறேன், ஐந்தாம் நாள் விட்டுப்போகிறது, அப்புறம் வாரக்கணக்கில் முழங்கால் போடுவதே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷம் இதே நிலையில் கிடந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் விட்டுப்போனதற்குத் தூக்கமோ வேலையோ ஏதாவது காரணம் இருந்திருக்கும். அதை விடுங்கள். ஆறாம் நாள் ஏன் உட்காரவில்லை என்று யோசித்துப் பாருங்கள். என் விஷயத்தில் அது வெட்கம். விட்ட நாட்களுக்கும் சேர்த்து இன்று ஒரு மணி நேரம் ஜெபித்தால்தான் ஆண்டவர் முகத்தில் விழிக்க முடியும் என்று நினைப்பேன். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. மறுநாள் பார்த்தால் பாக்கி இன்னும் ஏறியிருக்கும்.

இதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது லூக்கா 15-ஆம் அதிகாரம். வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் திரும்பி வரும்போது சொல்ல வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது அதன் கடைசி வரி. ஆனால் தகப்பன் எதிரே ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகு, 21-ஆம் வசனத்தில், அந்த வரி இல்லை. அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். இதைக் கவனித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து விட்ட நாளுக்கு ஈடு கட்டுவதே இல்லை. "ஆண்டவரே, மூன்று நாளாக வரவில்லை, இதோ வந்திருக்கிறேன்" என்று ஒரு வரி சொல்வேன். பிறகு அன்றைய ஜெபம், அன்றைய அளவுக்கு மட்டும்.

அளவு என்றால், முதலில் பத்து நிமிஷம் போதும். காலையா இரவா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து போனார் என்று மாற்கு சொல்கிறார். சங்கீதக்காரன் அந்திசந்தி மத்தியானம் என்கிறான். உங்களால் காக்க முடிந்த நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். ஆனால் நேரமும் இடமும் மாறாமல் இருக்கட்டும். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற தடை வந்த பிறகும் தானியேல் "தான் முன் செய்துவந்தபடியே" ஜெபித்தான் என்று எழுதியிருக்கிறது. மேலறை, எருசலேமுக்கு நேரான பலகணி, மூன்று வேளை, முழங்கால் எல்லாம் முன்பே பழகியிருந்தன. அந்த நாளில் அவன் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

நான் செய்வது இதுதான். இரவு படுக்கும்முன் வேதாகமத்தை மறுநாளுக்குரிய சங்கீதத்தில் திறந்து என் நாற்காலியின் மேல் வைத்துவிடுவேன். காலையில் உட்கார வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். போன் அடுத்த அறையில் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. ஜெபத்தின் நடுவில் ஏதாவது ஞாபகம் வந்தால் அதில் எழுதிவிட்டுத் திரும்பி வருவேன். ஒருநாள் எழுதியதைப் புரட்டியபோது பாதிக்கு மேல் மனிதர்களின் பெயர்கள். கவனச்சிதறல் என்று நினைத்துத் தள்ளியதெல்லாம் நான் ஜெபிக்க வேண்டியவர்கள்! இப்போது அந்தப் பெயர்களையே சொல்லி ஜெபிக்கிறேன்.

வார்த்தையே வராத நாட்கள் வரும். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியப் போதகர் மார்ட்டின் லூத்தரிடம் அவருக்கு முடிதிருத்துகிறவர் ஜெபிப்பது எப்படி என்று கேட்டார். 1535-இல் லூத்தர் அவருக்காக ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். மனம் குளிர்ந்துபோனால் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவேன் என்று அதில் தன்னைப்பற்றியே சொல்கிறார். பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி, அதிலிருந்து சொந்த ஜெபத்துக்குள் போகவும் கற்றுக்கொடுக்கிறார். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் எனக்கு இருந்த ஜெபமெல்லாம் 13-ஆம் சங்கீதம் மட்டுமே. ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று அது திரும்பத் திரும்பக் கேட்கும். நானும் அதையே கேட்டேன். சில நாள் அந்த ஒரு வார்த்தையோடு எழுந்துவிடுவேன். அதையும் ஜெபம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறதே.

சரி, எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இன்று இரவே முதல் சங்கீதத்தைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். நாளுக்கு ஒன்று என்று போனால் 150-ஐ முடிக்க ஐந்து மாதம் ஆகும். 119 வரும்போது மட்டும் மலைக்க வேண்டாம். 176 வசனம் இருந்தாலும் அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகவே பிரிந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு பகுதி போதும்.